தண்டவாளத்தில் போட்டோ ஷூட்: ‘ரெண்டே நிமிஷம்’ ஏன் ஆபத்து? சட்டம் என்ன சொல்கிறது?

சத்தியமங்கலத்துக்கு ரயில் கிடையாது. மேட்டுப்பாளையத்திலிருந்து சத்தி வழியாக சாம்ராஜ்நகர் வரை பாதை வேண்டும் என்ற பேச்சு பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. நடுவில் காடு இருப்பதால் பேச்சு பேச்சாகவே நிற்கிறது. ஆனாலும் இந்தப் பக்கத்துக் கல்யாண ஆல்பங்களில் தண்டவாளத்துக்கு எப்போதும் ஒரு பக்கம் உண்டு. பொண்ணும் மாப்பிள்ளையும் கைகோத்து நடக்க, இரண்டு கம்பிகளும் தூரத்தில் போய் ஒன்றாகச் சேரும் அந்த ‘ஃபிரேம்’.

அதற்காக ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து ஊத்துக்குளி, விஜயமங்கலம், சோமனூர் பக்கமோ, காரமடை, கல்லாறு பக்கமோ போகிறார்கள். போன இடத்தில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

“ஏனுங்கண்ணா, ரயில் வந்துட்டா என்னங்க பண்றது?”

“ஆப்ல பார்த்துட்டனுங்க. அடுத்த வண்டிக்கு இன்னும் முக்கா மணி நேரம் இருக்குது. ரெண்டே நிமிஷம், எடுத்துட்டு வந்துடலாம்.”

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிலில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ரயில் எப்போது வரும் என்று உங்களுக்குத் தெரியலாம். நீங்கள் அங்கே நிற்பது ரயிலுக்கோ, ஸ்டேஷன் மாஸ்டருக்கோ தெரியாது. அனுமதி வாங்குவது, வாங்காமல் போவது என்ற இரண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இதுதான். அபராதம் அதற்கு அப்புறம் வருவது.

ஆப்பில் வராத ரயில்கள்

செல்போனில் பார்க்கும் ரயில் ஆப் எதுவானாலும் அது பயணிகளுக்கானது. பயணிகள் ரயில்களின் நேரத்தைத்தான் காட்டும். அதே தண்டவாளத்தில் சரக்கு ரயில் ஓடும். பெட்டி எதுவும் இல்லாமல் தனி இன்ஜின் ஓடும். மேலே போகும் மின்கம்பியைப் பராமரிக்கும் ‘டவர் வேகன்’ ஓடும். காலிப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு ரேக் போகும். இவற்றில் எதுவும் உங்கள் ஆப்பில் வராது.

ஈரோடு - கோவை வழித்தடத்தில் இது சாதாரண விஷயம். ஈரோட்டில் மின்சார இன்ஜின் ஷெட்டும் டீசல் இன்ஜின் ஷெட்டும் இருக்கின்றன. எனவே தனி இன்ஜின்கள் வந்து போவது வழக்கம். இருகூரில் பெட்ரோலிய சேமிப்பு முனையங்கள் இருப்பதால் டேங்கர் ரயில்கள் வரும். இருகூரிலிருந்து கோவை ஜங்ஷனுக்குப் போகாமல் நேராக போத்தனூர் போகும் பாதையும் உண்டு.

இது இரட்டைப் பாதை என்பது இன்னொரு சிக்கல். ஒரு பாதையில் ரயில் வருகிறது என்று பக்கத்துப் பாதைக்கு நகர்ந்து நின்றவர்கள், அந்தப் பாதையில் வந்த ரயிலில் அடிபட்டது உலகம் முழுக்க நடந்திருக்கிறது. முதல் ரயிலின் சத்தத்தில் இரண்டாவது ரயிலின் சத்தம் காதில் விழாது.

கோவை - மேட்டுப்பாளையம் ஒற்றைப் பாதை. “அதுல நாளைக்கு நாலஞ்சு வண்டிதான்” என்ற நினைப்பு அங்கே அதிகம். வண்டி குறைவு என்றால் அடிபடும் வாய்ப்பும் குறைவு என்று தோன்றும். ஆனால் எச்சரிக்கையும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது.

10 நொடிக் கணக்கு

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் ஒரு நொடியில் சுமார் 30 மீட்டர் ஓடும். இப்போது ஓடும் எல்எச்பி பெட்டி ஒன்றின் நீளமே சுமார் 24 மீட்டர்தான். அதாவது, ஒவ்வொரு நொடிக்கும் ஒரு பெட்டி நீளத்துக்கு மேல் ரயில் உங்களை நெருங்குகிறது.

300 மீட்டர் தூரத்தில் ரயிலைப் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 10 நொடி. பார்த்ததை மூளை நம்ப ஒன்றிரண்டு நொடி. பட்டுச் சேலையோ, தரையில் புரளும் லெஹங்காவோ, ஹீல்ஸ் செருப்போ போட்டிருக்கும் மணப்பெண் ஜல்லிக்கல் மேல் கால் வைத்து இறங்க இன்னும் சில நொடி. கீழே வைத்த கேமரா பையை எடுக்க யாராவது ஒருவர் திரும்பி ஓடினால் கணக்கு முடிந்தது.

“டிரைவர் பார்த்துட்டு பிரேக் போட மாட்டாரா?” போடுவார். ஹாரனும் அடிப்பார். ஆனால் அந்த வேகத்தில் ஓடும் நீளமான ரயில், அவசர பிரேக் போட்ட பிறகும் நிற்பதற்குள் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஓடிவிடும். எடை, சரிவு, பெட்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து இந்தத் தூரம் கூடும், குறையும். லோகோ பைலட்டுக்கு ஸ்டியரிங் கிடையாது. கண்ணுக்கு எதிரே ஒருவர் அடிபடுவதைப் பார்ப்பதைத் தவிர அவரால் செய்ய முடிவது எதுவும் இல்லை. அதற்குப் பிறகும் அவர் வேலைக்கு வந்து, அதே இடத்தைக் கடந்து வண்டி ஓட்ட வேண்டும்.

கண்ணும் லென்ஸும் சேர்ந்து ஏமாற்றும்

“நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன்” என்பது போட்டோகிராபர்கள் சொல்லும் இன்னொரு பதில். பிரச்சினையே பார்ப்பதில்தான்.

நேர் எதிரே வரும் பெரிய பொருளின் வேகத்தை மனிதக் கண்ணால் சரியாகக் கணிக்க முடியாது. பக்கவாட்டில் ஓடும் பொருள் இடம் மாறுவது தெரியும். நேராக வருவது முதலில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தோன்றும். கடைசி சில நொடிகளில்தான் திடீரென்று பெரிதாகும். அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷல் லீபோவிட்ஸ், லெவல் கிராசிங் விபத்துகள் பற்றி 1985-ல் எழுதிய கட்டுரையில் இதை விளக்கினார். பெரிய உருவம் கொண்டவை, அவற்றின் உண்மையான வேகத்தைவிட மெதுவாக வருவதாகவே நமக்குத் தோன்றும் என்றார்.

செல்போனின் ‘வைட்’ லென்ஸ் இதை இன்னும் மோசமாக்கும். அந்தத் திரையில் எல்லாமே தூரமாகவும் சின்னதாகவும் தெரியும். ரீல்ஸ் எடுப்பவர் ரயிலைத் திரையில்தான் பார்க்கிறார். திரையில் இன்னும் சின்னதாக இருக்கும் ரயில் நிஜத்தில் பக்கத்தில் வந்திருக்கும். செல்ஃபி என்றால் முதுகு ரயில் பக்கம் வேறு இருக்கும்.

காதையும் நம்ப முடியாது. ரயிலின் சத்தம் பக்கவாட்டில் கேட்கும் அளவுக்கு முன்னால் கேட்காது. மின்சார இன்ஜினுக்கு டீசல் இன்ஜின் போன்ற உறுமலும் இல்லை. கூடவே ஷூட்டுக்காக ஸ்பீக்கரில் பாட்டு ஓடினால் கேட்கவே வேண்டாம்.

தள்ளி நின்றால் போதுமா?

“தண்டவாளத்துல நிக்கல, பக்கத்துலதான் நின்னோம்.” இதற்கும் அளவு இருக்கிறது. அகலப் பாதையில் இரண்டு கம்பிகளுக்கும் இடையே 1.676 மீட்டர். எல்எச்பி பெட்டியின் அகலம் சுமார் 3.24 மீட்டர். அப்படியானால் ரயில், கம்பிக்கு வெளியே இரண்டு பக்கமும் முக்கால் மீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். தோராயமாக இரண்டரை அடி. கம்பியிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பவர் உண்மையில் ரயிலின் பாதைக்குள்தான் நிற்கிறார்.

பாலங்களில் இந்த இரண்டரை அடிகூட இருக்காது. பல ரயில் பாலங்களில் ஒதுங்க இடமே இல்லை. ஆங்காங்கே ஊழியர்கள் ஒதுங்குவதற்கான சின்ன மேடைகள் மட்டும் இருக்கும். நடுப்பாலத்தில் நிற்கும்போது ரயில் வந்தால் ஓடுவதும் குதிப்பதும்தான் வழி.

இன்னொன்று, தலைக்கு மேல் இருப்பது. ரயில் பாதையின் மின்கம்பியில் ஓடுவது 25,000 வோல்ட். வீட்டு கரண்ட் 230 வோல்ட். நிற்கும் சரக்கு ரயிலின் மேல் ஏறிப் படம் எடுக்கப் போனவர்கள் கருகி இறந்த செய்திகள் தமிழகத்திலும் வந்திருக்கின்றன. கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. நெருங்கினாலே மின்சாரம் காற்றைத் தாண்டிப் பாயும். செல்ஃபி ஸ்டிக்கை உயர்த்துவது இன்னும் ஆபத்து.

இதுவரை நடந்தவை

2022 ஏப்ரலில் செங்கல்பட்டு அருகே சிங்கப்பெருமாள்கோவில் பகுதியில், தண்டவாளத்தில் ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்கள் மூன்று பேர் ரயில் மோதி இறந்தார்கள். கோவை இருகூர் அருகே 2019 நவம்பரில் பொறியியல் மாணவர்கள் நான்கு பேர் ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். அது படம் எடுக்கப் போன சம்பவம் அல்ல, தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தபோது நடந்தது. ஆனால் ‘இப்போ வண்டி வராது’ என்ற நம்பிக்கை இரண்டிலும் ஒன்றுதான்.

2011 அக்டோபர் முதல் 2017 நவம்பர் வரை உலகம் முழுக்க வந்த செய்திகளைத் தொகுத்து டெல்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செல்ஃபி எடுக்கும்போது 137 சம்பவங்களில் 259 பேர் இறந்திருந்தார்கள். அதிகம் இறந்தது இந்தியாவில். காரணங்களில் நீரில் மூழ்குவது முதலிடம். அடுத்தது போக்குவரத்து, குறிப்பாக ஓடும் ரயில்.

மூன்றாவது ரயில்

“இதெல்லாம் விவரம் தெரியாத பசங்க செய்யறது. நாங்க புரொஃபஷனல்” என்று நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சம்பவம் அமெரிக்காவில் நடந்தது.

2014 பிப்ரவரி 20. ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்டமஹா ஆற்றின் மேல் உள்ள ரயில் பாலம். ‘மிட்நைட் ரைடர்’ என்ற திரைப்படத்தின் குழு, கனவுக் காட்சி ஒன்றுக்காகத் தண்டவாளத்தின் மேல் இரும்புக் கட்டில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தது. அன்று இரண்டு ரயில்கள் வரும் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. இரண்டும் போகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பாலத்தில் ஏறினார்கள்.

மூன்றாவதாக ஒரு சரக்கு ரயில் வந்தது. மணிக்கு 90 கி.மீ.க்கும் மேல் வேகம். ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரமே கையில் இருந்தது. கட்டிலை எடுக்க முடியவில்லை. ரயில் மோதிச் சிதறிய கட்டிலின் பாகம் பட்டு, 27 வயது உதவி ஒளிப்பதிவாளர் சாரா ஜோன்ஸ் ரயிலின் பக்கம் தள்ளப்பட்டு இறந்தார். மேலும் பலர் காயமடைந்தார்கள்.

விசாரணையில் தெரியவந்தது முக்கியமானது. பாலத்தை ஒட்டிய நிலத்தின் உரிமையாளரிடம் அனுமதி வாங்கியிருந்தார்கள். தண்டவாளத்தின் உரிமையாளரான சிஎஸ்எக்ஸ் ரயில் நிறுவனம் அனுமதி தர மறுத்திருந்தது. அது குழுவில் இருந்த எல்லோருக்கும் தெரியாது. இயக்குநர் ராண்டால் மில்லர் 2015-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். படம் முடிவடையவே இல்லை.

அந்தக் குழுவிடம் அனுபவம் இருந்தது. ரயில் நேரம் குறித்த தகவலும் இருந்தது. ரயில் நிறுவனத்தோடு தொடர்பு மட்டும் இல்லை. அனுமதி கிடைத்திருந்தால், அங்கே ஆட்கள் இருப்பது ரயிலை இயக்குபவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நம் ஊர் கேங்மேன்கள் வேலை செய்வதைக் கவனித்தால் இது புரியும். தண்டவாளத்தில் குனிந்து வேலை பார்க்கும்போது, ரயில் வருகிறதா என்று பார்ப்பதற்கென்றே ஒருவர் தனியாக நிற்பார். கையில் கொடி, விசில். பெரிய வேலை என்றால் ரயிலை நிறுத்திவைத்து ‘பிளாக்’ வாங்கித்தான் தொடங்குவார்கள். வருடக்கணக்கில் தண்டவாளத்திலேயே வாழ்பவர்களுக்கே இவ்வளவு ஏற்பாடு. அப்படியிருந்தும் அவர்களிலும் அடிபட்டு இறப்பவர்கள் உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

ரயில்வே சட்டம், 1989-ல் பிரிவு 147 இதற்கானது. ரயில்வேயின் எந்தப் பகுதிக்குள்ளும் உரிய அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 6 மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தனியான காரணம் இல்லாவிட்டால் அபராதம் 500 ரூபாய்க்குக் குறையக் கூடாது. முறையாக உள்ளே வந்தவர்கூட, வெளியே போகச் சொன்ன பிறகும் போக மறுத்தால் இதே பிரிவு பொருந்தும்.

இந்தப் பிரிவில் ‘போட்டோ’ என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள். குற்றம் நுழைவதுதான். கேமராவை வெளியே எடுக்கவே இல்லை என்று வாதாட முடியாது.

உங்கள் செயலால் ரயிலில் இருக்கும் பயணிகளின் பாதுகாப்புக்கு வேண்டுமென்றே ஆபத்து ஏற்படுத்தினால் பிரிவு 153. தண்டனை 5 ஆண்டு வரை சிறை. ‘எஃபெக்ட்’ வேண்டும் என்று தண்டவாளத்தில் எதையாவது வைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ரீல்ஸுக்காக ரயில் இயக்கத்துக்கும் பயணிகளுக்கும் ஆபத்து ஏற்படுத்துபவர்கள் மீது எஃப்ஐஆர் பதிவு செய்யும்படி ரயில்வே வாரியம் 2024 நவம்பரில் எல்லா மண்டலங்களுக்கும் அறிவுறுத்தியது.

போட்டோகிராபருக்குத் தனியாக ஒரு பொறுப்பும் இருக்கிறது. பொண்ணும் மாப்பிள்ளையும் அவர் சொல்வதைக் கேட்டுத்தான் நிற்கிறார்கள். “இன்னும் கொஞ்சம் நடுவுல வாங்க” என்று சொன்னவர் அவர். உயிரிழப்பு ஏற்பட்டால், அலட்சியத்தால் மரணம் விளைவித்ததற்கான பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 106-ஐ போலீஸ் பரிசீலிக்க இடம் உண்டு. அதற்கு 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை.

இழப்பீடு கிடைக்குமா?

பலருக்குத் தெரியாத விஷயம் இது. ரயில் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கும் என்று பொதுவாக ஒரு நம்பிக்கை உண்டு. 2017 ஜனவரி முதல் அந்தத் தொகை 8 லட்சம் ரூபாய். ஆனால் அது ரயில் விபத்துகளிலும், ரயிலிலிருந்து தவறி விழுவது போன்ற சம்பவங்களிலும் இறக்கும் பயணிகளுக்கானது. தண்டவாளத்தில் அத்துமீறி நுழைந்து அடிபட்டவர் பயணி அல்ல. ரயில்வேயின் பார்வையில் அவர் குற்றம் செய்துகொண்டிருந்தவர். மின்கம்பியால் அடிபட்ட அத்துமீறலுக்கும் கருணைத் தொகை கிடையாது.

மலை ரயில் மெதுவாத்தானே போகுது?

சத்தியிலிருந்து அடுத்ததாக எல்லோரும் போகும் இடம் மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயில் பாதை. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. 46 கி.மீ. தூரத்தில் 16 சுரங்கங்கள், 250 பாலங்கள், 208 வளைவுகள். வேகம் குறைவு என்பது உண்மை. ஆனால் ஆபத்து வேகத்தில் மட்டும் இல்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று தெரியாது. சுரங்கத்துக்குள் ஒதுங்க இடம் குறைவு. பாலத்தில் கீழே பள்ளம் தெரியும். கல்லாறு பகுதி யானைகள் நடமாடும் இடமும்கூட. பிரிவு 147 இங்கேயும் அப்படியே பொருந்தும்.

“சினிமால ரயில் மேலேயே ஆடினாங்களே?” 1998-ல் வந்த ‘உயிரே’ படத்தின் பாட்டு இந்தப் பாதையில் எடுக்கப்பட்டதுதான். ஆனால் மலைக்கா அரோரா உள்ளிட்டவர்கள் விழாமல் இருக்க கயிற்றால் ரயிலோடு கட்டப்பட்டிருந்தார்கள். திரையில் கயிறு தெரியவில்லை. இந்தப் பாதையில் மேலே மின்கம்பியும் கிடையாது.

கோவைக்கு அந்தப் பக்கம் மதுக்கரை - எட்டிமடை - வாளையார் பாதையும் மலைப் பின்னணிக்காகப் பிரபலம். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தது இந்தப் பாதையில்தான். அதற்குப் பிறகு யானைகள் தண்டவாளத்தை நெருங்கினால் எச்சரிக்கும் செயற்கை நுண்ணறிவு கேமராக்கள் மதுக்கரை பகுதியில் 2024-ல் நிறுவப்பட்டன. சாயங்காலம் அங்கே ஷூட்டுக்கு இறங்குபவருக்கு ரயில் ஒரு பக்கம், யானை ஒரு பக்கம். அத்துமீறலும் ரயில்வே நிலத்தோடு முடியாது, காட்டுக்குள்ளும் சேர்த்துத்தான்.

திம்பத்துக்கும் இதே கணக்குதான்

இது சத்திக்காரர்களுக்குப் புதிய பாடம் அல்ல. பண்ணாரி தாண்டி திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்ட உரிமை உண்டு. வண்டியை நிறுத்தி, ஒத்தையடிப் பாதையில் இறங்கிப் படம் எடுக்க உரிமை இல்லை. அந்தப் பக்கம் 2013 முதல் புலிகள் காப்பகம். வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972-ன்படி சரணாலயத்துக்குள் நுழைய அனுமதி தரலாம் என்று பட்டியலிடப்பட்ட காரணங்களில் ‘புகைப்படம் எடுப்பது’ என்பதே தனியாக இருக்கிறது. அதாவது, படம் எடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. கேட்டுவிட்டுப் போ என்கிறது.

ஆனை வரும் பாதையில் நின்று போஸ் கொடுக்க உள்ளூர்க்காரர்கள் யோசிப்பார்கள். அது யானையின் வழி என்று தெரியும். வனத்துறைக் காவலர் இல்லாமல் உள்ளே போகவும் தயங்குவார்கள். தண்டவாளத்தையும் அப்படிப் பார்த்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அனுமதி வாங்குவது எப்படி?

ஈரோடு, திருப்பூர், கோவை, மேட்டுப்பாளையம், ஊட்டி எல்லாம் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டத்தில் வருபவை. மதுக்கரை, எட்டிமடை பக்கம் பாலக்காடு கோட்டம். சினிமா, விளம்பரம் போன்ற வணிகப் படப்பிடிப்புகளுக்கு சென்னையில் உள்ள தெற்கு ரயில்வேயின் தலைமை மக்கள் தொடர்பு அதிகாரி அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். என்ன எடுக்கிறீர்கள், எங்கே, எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்ற விவரங்கள் தர வேண்டும். உரிமக் கட்டணம், வைப்புத் தொகை, காப்பீடு எல்லாம் உண்டு.

ஒரு கல்யாண ஆல்பத்தின் இரண்டு படத்துக்காக இவ்வளவும் செய்வது சின்ன ஸ்டுடியோக்களுக்குக் கட்டுப்படியாகாது. அது உண்மைதான். அதனால்தான் பலரும் கேட்காமல் போகிறார்கள். கல்யாண ஷூட்டுகளுக்கென்று, குறிப்பிட்ட ஸ்டேஷனில், குறிப்பிட்ட நேரத்தில், குறைந்த கட்டணத்தில், ரயில்வே ஊழியர் ஒருவரின் மேற்பார்வையில் அனுமதி தரும் ஏற்பாடு இருந்தால் இந்தக் கூட்டத்தில் பாதி அங்கே போய்விடும். ரயில்வேக்கும் வருமானம். அதுவரை கட்டுப்படியாகவில்லை என்பது தண்டவாளத்தில் இறங்க ஒரு காரணம் ஆகாது. அந்தப் படத்தை விட்டுவிடத்தான் வேண்டும்.

அப்போ எங்கே எடுப்பது?

* ரயில்வே எல்லைக்கு வெளியே உள்ள பொது இடங்கள். சாலை மேம்பாலத்தின் நடைபாதையிலிருந்து டெலி லென்ஸில் எடுத்தால் ரயில் வளைந்து வரும் காட்சி தண்டவாளத்தில் நின்று எடுப்பதைவிட நன்றாக வரும்.

* ரயிலைப் படம் எடுப்பது பொழுதுபோக்கு என்றால் நடை மேம்பாலம், பிளாட்பார்மில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால். பிளாட்பார்ம் டிக்கெட் கட்டாயம். ஜோடியோடு, லைட்டோடு, டிரைபாடோடு போவதாக இருந்தால் அது தனி. முதலிலேயே ஸ்டேஷன் அதிகாரிகளிடம் கேட்க வேண்டும்.

* ரயில் ‘லுக்’ மட்டும் போதும் என்றால் நிற்கும் பெட்டிகள் இருக்கின்றன. கோவை ஜங்ஷன் முன்புறம் ரயில் பெட்டியிலேயே நடக்கும் உணவகம் இருக்கிறது. சென்னை பெரம்பூரில் ஐசிஎஃப் அருகே ரயில் அருங்காட்சியகம் உண்டு. அங்கங்கே கேட்டு எடுக்கலாம்.

* லெவல் கிராசிங் கேட் திறந்திருந்தால் கடப்பதற்கு மட்டும்தான். நடுவில் நின்று போஸ் கொடுப்பதற்கு அல்ல.

* “இந்த லைன்ல ரயிலே வராது” என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். துருப்பிடித்துக் கிடக்கும் சைடிங்கும் ரயில்வே நிலம்தான்.

* யாராவது தண்டவாளத்தில் நிற்பதைப் பார்த்தால் 139-க்குப் போன் செய்யலாம். ரயில்வேயின் உதவி எண் அது. இடத்தைச் சொல்ல, பக்கத்து மின்கம்பத்தில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் எண் உதவும்.

கஸ்டமர் கேட்டால் என்ன சொல்வது?

இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு நிஜமான நெருக்கடி இதுதான். இன்ஸ்டாவில் பார்த்த படத்தைக் காட்டி, “இதே மாதிரி எங்களுக்கும் வேணும்” என்று கேட்பார்கள். முடியாது என்றால் பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போய்விடுவார்களோ என்ற பயம் இருக்கும்.

அதற்கு ஒரு வழி, பேச்சை முதல் நாளே முடித்துவிடுவது. பேக்கேஜ் பேசும்போதே, தண்டவாளம், ரயில் பாலம், ரிசர்வ் ஃபாரஸ்ட் மூன்றிலும் அனுமதி இல்லாமல் எடுப்பதில்லை என்று கொட்டேஷனில் ஒரு வரி சேர்த்துவிடலாம். ஸ்பாட்டில் போய் மறுப்பது கஷ்டம். காகிதத்தில் முன்பே இருந்தால், “அது நம்ம ரூல்ஸுங்க” என்று சொல்லிவிடலாம். இன்னொன்று, பழைய தண்டவாளப் படங்களை உங்கள் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவது. அவை அங்கே இருக்கும்வரை அடுத்த ஜோடி அதைத்தான் காட்டிக் கேட்கும்.

ஜோடிகளும் ஒரு கேள்வி கேட்கலாம். “ஆப்ல பார்த்துட்டேன்” என்று போட்டோகிராபர் சொன்னால், “நாம இங்க நிக்கறது ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியுமாங்க?” என்று கேளுங்கள். தெரியாது என்றால் வேறு லொகேஷன் பாருங்கள்.